பல்கட்டமைப்புக் கணினிகளில் பொதி மேலாளரின் பிழைச்செய்திகள்

காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்சு பயனர் குழு கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்தி வருகிறது. லினக்சுக்குப் புதிதாக வரும் பயனர் இடர்ப்படும் இடங்களுள் பொதி மேலாளரின் பிழைச்செய்தியும் ஒன்றாகும். 2013இல் வெளியான டெபியன் 7 முதல், 64 பிட்டு அமைப்பில் 32 பிட்டுப் பொதிகளையும் உடன் நிறுவ இயலும். ஒரே நிரலகத்தை இரு கட்டமைப்புகளுக்கும் நிறுவும்போது அவற்றின் பதிப்பெண் ஒன்றாயிருத்தல் வேண்டும். 64 பிட்டு நிரலகம் மட்டும் வேறொரு களஞ்சியத்திலிருந்து புதுப்பிக்கப்பட்டிருப்பின், 32 பிட்டு நிரலகம் நிறுவப்படாது. அந்நிலையில் 'ஆப்ட்' கருவி, பயனர் எப்பொதியையும் நிறுத்திவைக்காதபோதும், நிறுத்திவைத்த பொதிகள் பழுதுற்றுள்ளன என்றே பெரும்பாலும் அறிவிக்கிறது. இரு பதிப்பெண்களையும் 'ஆப்ட் பாலிசி' கட்டளையால் ஒப்பிட்டால் உண்மைக் காரணம் புலனாகும். எனவே, இத்தகைய செய்திகளைத் தமிழாக்குவோர் சொல்லை மட்டுமன்றி, அதன் பின்னுள்ள காரணத்தையும் அறிந்து பெயர்த்தல் இன்றியமையாததாகும்.