63 எங்கிருந்து வந்தது?

1972-இல் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் நெல் வயல்களுக்கு நடுவே இண்டெல் ஒரு தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனத்துக்கு அதுதான் முதல் தொழிற்சாலை. அதே ஆண்டில் அங்கே உருவான தொழிற்பேட்டையில் இன்று வயல் இல்லை. சிப்புகளைப் பொருத்தும், சோதிக்கும் லைன்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. சோதனை இயந்திரத்தை வாங்கினால் இருபது வருஷம் உழைக்கும். அதை ஓட்டும் புரோகிராமுக்கும் அதே வயதாகிவிடும். சிக்கல் அங்கேதான்.

நான் வேலை பார்த்த லைனில் ஓடியது விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய புரோகிராம். 1998-இல் வந்த இந்தக் கருவியை மெஷின் ஆட்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. திரையில் ஒரு பட்டனை இழுத்து வைத்து, அடியில் நாலு வரி எழுதினால் மெஷின் பேசும். கணினி படிக்காத எலக்ட்ரிகல் இன்ஜினியரும் எழுதினார். 2002-இல் மைக்ரோசாப்ட் அடுத்ததை, விஷுவல் பேசிக் டாட் நெட்டைக் கொண்டுவந்தது. பெயர் பழசு, உள்ளே மொழி வேறு. 2008 ஏப்ரலில் பழைய கருவிக்கு ஆதரவும் நின்றது. எழுதி முடித்த புரோகிராம்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடும். ஆனால் அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் பழைய கருவியைத் தேடி எடுத்து நிறுவ வேண்டும், அது தெரிந்த ஆளும் வேண்டும்.

அதனால் புரோகிராமை டாட் நெட்டுக்கு மாற்றினோம். மாற்றும்போது புதிய கருவி பிழை காட்டினால் நல்லது, உட்கார்ந்து திருத்திவிடலாம். பிழையே காட்டாமல் அர்த்தம் மாறிப்போகும் வரிதான் ஆபத்து.

'இன்டிஜர்' என்ற சொல்லையே பாருங்கள். பழையதில் அது 2 பைட், புதியதில் 4. பழைய புரோகிராம் எழுதி வைத்த கோப்பை அதே சொல்லால் வாசித்தால் இரண்டு எண்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்று, ஒரு மதிப்பை வேறு பகுதிக்கு அனுப்பும் முறை. எதுவும் குறிப்பிடாவிட்டால் பழையது அசலையே கொடுக்கும், புதியது நகலைக் கொடுக்கும். வங்கியில் அடையாளக் கார்டின் நகலைக் கொடுத்தால் அதில் யார் எதைக் கிறுக்கினாலும் நம் பையிலுள்ள கார்டு மாறாது, அப்படித்தான். மைக்ரோசாப்ட் தந்த மாற்றும் விசார்டு இந்த இரண்டையும் சரியாகவே கையாண்டது. கையால் திரும்ப எழுதியவர்கள்தான் மாட்டினோம். 2010 பதிப்பில் அந்த விசார்டையும் எடுத்துவிட்டார்கள்.

விசார்டு கையில் இருந்திருந்தாலும் எங்களுக்கு வந்த கோளாறுக்கு உதவியிருக்காது. சிப்புகளை 125 டிகிரியில் வைத்துச் சோதிக்கும் அடுப்பு ஒன்று. அது தன் சூட்டை சீரியல் கேபிள் வழியே ஒரே பைட்டாக அனுப்பும். 85 டிகிரியில் புதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் பொருந்தியது. 125-க்கு ஏற்றினோம். அடுப்பு வழக்கம்போல் கொஞ்சம் தாண்டிப் போனது. 126, 127 என்று வந்த திரை சட்டென 63 என்றது. சூடு போதவில்லை என்று புரோகிராம் ஹீட்டரை இன்னும் ஓட விட்டது. அடுப்பில் தனியாக இருந்த பாதுகாப்பு சுவிட்ச் ட்ரிப் ஆகிக் காப்பாற்றியது.

டாட் நெட்டின் சீரியல் போர்ட், வருவதை எழுத்தாக வாசிக்கச் சொன்னால், வேறு சொல்லாதவரை ஆஸ்கி எழுத்துக் குறியீடு என்றே எடுத்துக்கொள்ளும். ஆஸ்கியில் 127-க்கு மேல் எழுத்தே கிடையாது. தெரியாத பைட் வந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறியைப் போடும். கேள்விக்குறியின் ஆஸ்கி எண் 63. பழைய விஷுவல் பேசிக் பட்டனில் தமிழில் பெயர் போட முயன்றவர்களுக்கு இந்தக் கேள்விக்குறி வரிசை நன்றாகவே தெரியும். அங்கேயும் தெரியாத எழுத்துக்கு அதுதான் பதில்.

எழுத்தாக வாசித்த ஒரு வரியை பைட்டாக வாசிக்கும்படி மாற்றினேன். "தம்பி, பழைய கம்ப்யூட்டரைக் கழட்டிடாத," என்றார் லைனில் மூத்த டெக்னீஷியன் அண்ணன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அதே சிப்புகளை இரண்டிலும் ஓட்டினோம். இந்த முறை அடுப்பை 20 டிகிரியிலிருந்து 140 வரை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, இரண்டு திரைகளிலும் வந்த எண்ணை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 128-இல் இரண்டு திரைகளும் 128 என்றன.