மூலகங்களைக் கண்ணால் காண்பது

ரஸாயன சாஸ்திரம் கற்கத் தொடங்கும் சிறுவனை முதலில் மிரட்டுவது மூலகங்களின் அட்டவணையே. பெயர்கள் 118, அவற்றிற்கு எண்களும் குறிகளும் வேறு. பொன்னையும் இரும்பையும் அவன் அறிவான். சீஸியத்தை எங்கே கண்டான்? காணாததை நெட்டுருப் பண்ணிப் பரீக்ஷை முடிந்த மறுநாளே மறந்து விடுகிறான். நியாயஸ்தலத்தில் கேள்விச் சாட்சியத்தை எளிதில் ஏற்பதில்லை; பள்ளிக்கூடத்திலோ அதுவே வித்தையென நடமாடுகிறது.

இக்குறைக்கு இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில் 2008ஆம் வருஷம் ஒரு பரிகாரம் தேடினார்கள். ரஸாயனப் பேராசிரியர் மார்ட்டின் போலியாகோஃப் முதலியோரும் பத்திரிகையாளர் பிராடி ஹாரனும் கூடி, மூலகத்துக்கு ஒன்றாக வீடியோப் பாடங்கள் எடுத்து, இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். எழுதி வைத்துப் படித்த பிரசங்கங்கள் அல்ல அவை. நேரில் பேசும் பேச்சு.

இத்தகைய பாடத்தின் பலன் யாது? லிதியம் நீரில் மிதந்து சாவதானமாய்க் குமிழியிடும். ஸோடியம் உருகி உருண்டையாய் ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுவாலையுடன் எரியும். சீஸியமோ நீரைத் தொட்டதும் வெடிக்கும். அட்டவணையில் ஒரே நிரலில் இறங்க இறங்க, வெளிவட்டத்து எலெக்ட்ரான் கருவிலிருந்து விலகி எளிதில் கழன்றுவிடுவதே இதற்குக் காரணம். வரிசையாகக் கண்ட மாணவனுக்கு அட்டவணை வெறும் ஜாபிதா அன்று. 1869ல் மெண்டலீவ் அதில் இடம் விட்டு வைத்ததும், 1875ல் காலியமும் 1886ல் ஜெர்மானியமும் வந்து அவ்விடங்களை நிரப்பியதும் அவனுக்கு விளங்கும்.

வேறொரு குணமும் உண்டு. மிகக் கனத்த மூலகங்களில் சில அணுக்களே உண்டாக்கப்பட்டு நொடியில் அழிகின்றன. காட்ட ஒன்றுமில்லாதபோது பேராசிரியர் தம் அறையில் அமர்ந்து விஷயத்தைச் சொல்லுகிறார், ஜாலம் காட்டுவதில்லை.

ஆயினும் ஓர் அபாயத்தை நாம் எச்சரிக்காமலிருக்க முடியாது. வீடியோ இருக்கிறதே, பரிசோதனைச் சாலை எதற்கு என்று செலவைக் குறைக்க வழி பார்ப்போர் கேட்கக்கூடும். அடுப்பங்கரையைப் பலகணி வழியே பார்த்தவனுக்குப் பசி தீருமா? வாசனையும், சூடும், தன் கை செய்த பிழையும் திரையில் வாரா. அபாயமானதையும் அரியதையும் திரையில் காட்டுக. எளியதை மாணவன் கையில் கொடுக்க. அப்பாடங்கள் இங்கிலீஷில் உள்ளமையால், நம் உபாத்தியாயர் காட்சியை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்குவதும் அவசியம். கண்டதைத் தன் பாஷையில் சொல்ல வல்லவனே கற்றவன்.