ஊக்கைக் கழற்றிட்டு வாங்கம்மா

எம்.ஆர்.ஐ. எடுக்க வரும் பெண்களின் தாலிச் சரட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆத்திர அவசரத்துக்கு ஆகுமென்று அதில் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். ஆண்களென்றால் அரைஞாண் கயிற்றுத் தாயத்து. எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் உள்ளே விடுவேன்.

மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிற சீயமங்கலம் என் ஊர். செஞ்சி, தேசூர், வந்தவாசிப் பக்கம் நாற்று நட்டும் மூட்டை தூக்கியும் இடுப்பு விட்டுப்போனவர்கள்தான் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு அதிகம் வருகிறார்கள். "ஏம்மா, ஷாக் அடிக்குமா?" என்பார்கள். அடிக்காது. எக்ஸ்ரே கதிரும் இதில் கிடையாது.

நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா மெஷினின் காந்தமோ பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு வலுவுள்ளது. அதற்குள் படுத்ததும் குட்டிக் காந்தங்களில் மிகச் சிறு பங்கு கூடுதலாக ஒரே பக்கம் சாயும். சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் தட்டினால் அவை திசை மாறும். அலை நின்றதும் சிக்னல் கொடுத்துக்கொண்டே பழைய நிலைக்குத் திரும்பும். கொழுப்பில் சீக்கிரம், தண்ணீரில் மெதுவாக. இந்த வித்தியாசம்தான் படமாகிறது. சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று அறிய, இடத்துக்கு இடம் காந்த வலுவைச் சற்றே மாற்ற வேண்டும். 1973இல் பால் லாட்டர்பர் காட்டிய வழி அது. அதற்கான கம்பிச் சுருள்கள் அதிர்வதுதான் எல்லோரையும் மிரட்டும் அந்த 'டக டக' சத்தம். இதை முன்பே சொல்லிவிட்டால் எண்பது வயதுப் பாட்டிகூட அசையாமல் படுத்திருப்பார். சொல்லாமல் உள்ளே தள்ளுவது எனக்கு ஒப்பாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் இந்தச் சிக்னல் மாறுவதை 1951லேயே எழுதினார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்களுக்கு அது முன்னோடி. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

முதுகுத்தண்டுப் படத்தில் நீர் நிறைந்த டிஸ்க் வெளுப்பாகத் தெரியும், வற்றியது கறுத்திருக்கும். நடவு வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கீழ் இடுப்பு டிஸ்க்தான் கறுத்து, பின்பக்கம் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். டிஸ்க்கும் நரம்பும் தெரியாது.

ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் விழித்தே இருக்கும். மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் கிடக்கும் சுருளில் மின்சாரம் ஓயாமல் சுற்றுகிறது. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரைக் காந்தம் இழுத்து, அவர் உயிரே போனது. அதனால்தான் பேஸ்மேக்கர் உண்டா, ஆபரேஷனில் கிளிப் போட்டார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வெல்டிங் பட்டறைக்காரர் வந்தால் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா என்றும் கேட்போம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே. காந்தத்தின் பக்கம் அதற்கப்புறம்தான்.