வயிற்று நோய்க்குப் பின் உடல் மெலிதல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் வயிற்றுப்போக்கு நின்றவுடன் உழவர் வயலுக்குத் திரும்பிவிடுவதை நாம் காண்கிறோம். நோயில் குறைந்த எடை சில வாரங்களில் மீளத் தொடங்க வேண்டும். மீளாது மேலும் மெலிந்தால், கண்ணேறு என்று கருதி வாளாவிருத்தல் ஆகாது.

1960-62ஆம் ஆண்டுகளில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் இத்தகைய நோய் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மாத்தன் முதலிய மருத்துவர்கள் இதனை ஆராய்ந்தனர். சிறுகுடலின் உட்சுவர் பழுதுபட்டால் உண்ட உணவின் சத்து உடலிற் சேராது. உண்டும் மெலிவர், இரத்தசோகையும் காணும். காரணம் அறிந்து மருந்துண்டால் குணமுண்டு. குடற்கிருமி, காசநோய், நீரிழிவு ஆகியவற்றாலும் எடை குறையும்.

ஆதலின் மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைத்தல் நன்று. 50 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்திற்குள் காரணமின்றி 2.5 கிலோ குறைந்தாலும், வயிற்றுப்போக்கு 14 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலம், இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. மலத்தில் இரத்தமோ விடாக் காய்ச்சலோ கண்டால் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்க.

பத்தியமென்று பட்டினி கிடத்தல் தவறு. கஞ்சி, பருப்பு, முட்டை, கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்க. குழந்தைக்கு நோய் நீங்கிய பின் இரண்டு வாரம் நாள்தோறும் ஒருவேளை உணவு கூடுதலாக ஊட்டுக. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் தவறாது கொடுக்க.

குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்து குளோரின் கலப்பது ஊராட்சியின் கடமை. உடல் தேறாத உழவரின் நிலமும் தரிசாகும் என்பதை உறுப்பினர்கள் உணர்ந்து, மெலிந்தோரைத் தாமே அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவாராக.