கோல்ஃப் ஆட்டத்தில் தகுதி வரிசை

‘கவுண்டி’ என்னும் சொல் கிரிக்கெட் ஆட்டத்தின் வாயிலாக நமக்குப் பழக்கமானதே. யார்க்ஷயர், லங்காஷயர், சர்ரே என்னும் பெயர்களைப் பத்திரிகைகளில் கண்டிருக்கிறோம். இங்கிலாந்தின் பழைய நிர்வாகப் பிரிவுகளாகிய இக்கவுண்டிகள் கிரிக்கெட்டுக்கு மட்டுமன்றி, கோல்ஃப் ஆட்டத்துக்கும் தனித்தனியே சங்கங்கள் அமைத்துள்ளன. ஊதியம் கருதாது ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்காக இச்சங்கங்கள் பல போட்டிகளை நடத்துகின்றன. குளிர் நீங்கிய ஏப்ரல் மாதம் தொடங்கி செப்டம்பர் வரையில் அந்நாட்டில் கோல்ஃப் பருவம். ஒவ்வொரு போட்டியிலும் ஒருவர் பெற்ற இடத்துக்கு ஏற்பப் புள்ளிகள் வழங்கிப் பருவ முடிவில் அவற்றைக் கூட்டி, முதல்வர் இன்னார், இரண்டாமவர் இன்னார் என்று பல கவுண்டிகளில் பட்டியல் வெளியிடுகிறார்கள். இதற்கு ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்று பெயர்.

‘ஆர்டர்’ என்றவுடன் நம்மில் பலருக்குக் கட்டளை என்ற பொருளே முதலில் தோன்றும்; அலுவலகத்தில் உழல்பவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. இங்கே அது வரிசையைக் குறிக்கும். தேர்வாணையத்தின் பட்டியலில் தம் எண்ணைத் தேடியவர்களுக்குத் ‘தகுதி வரிசை’ என்ற தொடர் நன்கு விளங்கும். அதனையே நாமும் கையாளுவோம்.

அமெச்சூர்களுக்குப் புள்ளிகள் ஏன் வேண்டும்? தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பணமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. ஓராண்டில் யார் மிகுந்த பரிசுத் தொகை ஈட்டினாரோ அவரே முதல்வர். ஆசியச் சுற்றில் 2002ஆம் ஆண்டு ஜோதி ரந்தாவாவும், 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் ஜீவ் மில்கா சிங்கும் இவ்வகையில் முதலிடம் பெற்றார்கள். அமெச்சூருக்கு அந்த அளவுகோல் கிடையாது. 1965ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியில் தொழில்முறை வீரர்களை எல்லாம் வென்று பட்டம் பெற்ற பி. ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். ஆகவே பரிசுத் தொகை பெறும் உரிமை அவருக்கு இல்லை. 2022இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஹாண்டிகாப் சலுகையற்ற போட்டிகளில் அமெச்சூரும் 700 பவுன் வரையில் பரிசுப் பணம் பெறலாம் என்றாயிற்று. எனினும் அத்தொகை ஒருவரது ஆண்டுச் சாதனையை அளக்கப் போதுமானதன்று. ஆகவே புள்ளிகள்.

ஹாண்டிகாப் என்பது வேறு. தகுதி வரிசை என்பது வேறு. வல்லவரும் புதியவரும் ஒரே களத்தில் சமமாக ஆடுவதற்குப் புதியவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடி செய்து தருவது ஹாண்டிகாப். ஒருவர் கடைசியாக ஆடிய 20 சுற்றுகளில் மிகச் சிறந்த எட்டின் சராசரியைக் கொண்டு அதனைக் கணக்கிடுகிறார்கள். தகுதி வரிசைக்குரிய முதன்மைப் போட்டிகளில் அந்தத் தள்ளுபடி இல்லை. அடித்த அடிகள் அத்தனையும் எண்ணப்படும். குறைந்த அடிகளில் குழிகளை முடித்தவர் வெல்வார். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். பெரிய போட்டியாயின் நான்கு நாட்களில் 72 குழிகள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கணக்கில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு பருவத்தில் பத்துப் போட்டிகள் நடப்பதாகக் கொள்வோம். முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றாவதற்கு 65, நான்காவதற்கு 55, ஆறாவதற்கு 35 என்றிருக்கட்டும். டெல்லியில் வாழும் ஓர் இளைஞர் பத்துப் போட்டிகளிலும் கலந்துகொண்டு ஒவ்வொன்றிலும் ஆறாவது இடம் பெறுகிறார். திருவனந்தபுரத்தில் வலியசாலையைச் சேர்ந்த மற்றோர் இளைஞர் நான்கு போட்டிகளில் மட்டுமே கலந்துகொள்கிறார். ஒன்றில் முதலிடம், ஏனையவற்றில் முறையே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடம். அனைத்தையும் கூட்டினால் டெல்லிக்காரருக்கு 350; வலியசாலைக்காரருக்கு 300. ஒரு போட்டியில்கூட முதல் ஐந்து இடங்களுக்குள் வராதவர் பட்டியலில் மேலே நிற்கிறார்!

இது அநீதி என்று தோன்றுகிறதல்லவா? ஆகவே, ஒருவருடைய சிறந்த ஆறு முடிவுகளை மட்டும் எண்ணுவது என்று விதி செய்கிறார்கள். அப்பொழுது டெல்லிக்காரரின் 350 என்பது 210 ஆகக் குறையும். மற்றவரின் 300 அப்படியே நிற்கும். கூட்டுத்தொகையை விட்டுச் சராசரி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். சராசரியில் ஒருவருக்கு 35, மற்றவருக்கு 75. ஆனால் அதில் வேறொரு சூழ்ச்சிக்கு இடமுண்டு. பருவத்தின் முதற் போட்டியில் வென்ற ஒருவர், பிறகு மட்டையையே தொடாமல் வீட்டில் இருந்துவிட்டால் அவரது சராசரி 100! ஆடாதவரே முதல்வராகிவிடுவார். இதனைத் தடுக்க, எத்தனை குறைவாக ஆடியிருந்தாலும் இன்ன எண்ணால் வகுத்தே தீரவேண்டும் என்று ஒரு வரம்பு வைப்பதுண்டு. அது ஆறு என்றால், ஒரே வெற்றியோடு ஓய்ந்தவருக்கு 17 புள்ளிகூடத் தேறாது. வலியசாலைக்காரருக்கு 50 கிடைக்கும். இருவர் ஒரே இடத்தைப் பெற்றால் இரண்டு இடங்களுக்குரிய புள்ளிகளையும் கூட்டிப் பாதியாகப் பகிர்வதும் வழக்கம். அவ்வாறு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஆளுக்கு 72.5 பெறுவார்கள்.

யார்க்ஷயரில் வாழும் ஆட்டக்காரர் தம் கவுண்டிக்குள் எந்தப் போட்டிக்கும் காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பிவிடலாம். நம் நாட்டின் நிலை வேறு. இந்திய கோல்ஃப் சங்கம் 1955இல் தோன்றியது. அமெச்சூர்களுக்கான தகுதி வரிசையை நம் நாட்டில் அதுவே பேணுகிறது. தென்னிந்தியா, மேற்கிந்தியா, வட இந்தியா, கீழை இந்தியா என்று பகுதிவாரியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா சங்கம், 1876இல் தோன்றிய பெங்களூர் சங்கம் முதலிய பழம்பெரும் களங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை தொலைவில் உள்ளன! பருவமும் இங்கே ஒன்றாக இல்லை. வடக்கே குளிர்காலம் ஆட்டத்துக்கு உகந்தது. கோடையில் வெயில் ஆளை வாட்டும். தெற்கே உதகையும் கொடைக்கானலும் கோடையில் களைகட்டும். கேரளத்திலோ ஆண்டில் இருமுறை மழை குறுக்கிடும்.

வலியசாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களைக் கொண்ட பகுதி அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கவடியாரில், திருவிதாங்கூர் மன்னர் காலத்திலேயே தோன்றிய கோல்ஃப் களம் இருக்கிறது. அது ஒன்பது குழிகள் கொண்டது. இருமுறை சுற்றி வந்தால்தான் 18 ஆகும். பழகுவதற்கு ஏற்ற இடமே. ஆனால் நூறு பேர் நான்கு நாட்கள் ஆடும் போட்டிக்கு அத்தகைய களம் போதாது. ஆகவே புள்ளிகள் திருவனந்தபுரத்தை நாடி வருவதில்லை. ஆட்டக்காரரே புள்ளிகளை நாடிச் செல்ல வேண்டும். டெல்லிக்கு ரயிலில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போக வர நாட்கள், பயிற்சிச் சுற்றுக்கு ஒரு நாள், ஆட்டத்துக்கு நான்கு நாட்கள், கட்டணம், தங்கும் செலவு. கல்லூரியில் வருகைப் பதிவு வேறு. கரோல் பாக்கில் பெரியப்பா வீடும், மல்லேசுவரத்தில் அத்தை வீடும், மாதுங்காவில் சித்தி வீடும் உள்ளவர் ஒருவாறு சமாளிக்கலாம். வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் விருந்தினர் அறை எப்போதுமே காலியாக இருப்பதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்!

ஆகவே, எத்தனை முடிவுகளை எண்ணுவது என்னும் விதி, பட்டியல் எதனை அளக்கிறது என்பதையே முடிவு செய்கிறது. எல்லாவற்றையும் எண்ணினால் அது ஆட்டத்தோடு ரயில் கட்டணத்தையும் சேர்த்து அளக்கும். மிகச் சிலவற்றை மட்டும் எண்ணினால் ஓரிரு நல்ல வாரங்கள் போதும் என்றாகி, ஆண்டு முழுதும் உழைத்தவரின் நிதானத்துக்கு மதிப்பில்லாமற் போகும். நடைபெறும் போட்டிகளில் பாதி அளவை எண்ணுவதே நம் நாட்டின் பரப்புக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இதனால் விளைவது வெறும் பெருமைதான் என்று எண்ணிவிடலாகாது. அணியைத் தேர்ந்தெடுப்போர் இவ்வரிசையைக் கருத்திற் கொள்கிறார்கள். 1982இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வென்றார். இந்திய அணியும் தங்கம் வென்றது. 1958இல் தொடங்கிய உலக அமெச்சூர் அணிப் போட்டியான ஐசன்ஹோவர் கோப்பைக்கு 2002 முதல் ஒரு நாட்டிலிருந்து மூவர் மட்டுமே செல்லலாம். வரிசையில் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் உள்ள வேறுபாடு அரைப் புள்ளியாக இருக்கலாம். அந்த அரைப் புள்ளி, பிரயாணச் செலவை எண்ணி ஒருவர் கைவிட்ட போட்டியில் கிடைத்திருக்கக் கூடியதாகவும் இருக்கலாம்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஆர் அண்டு ஏ அமைப்பு 2007இல் ஆண்களுக்கான உலக அமெச்சூர் தரவரிசையைத் தொடங்கியது. 2011இல் பெண்களுக்கான வரிசையும் வந்தது. இதில் பருவம் என்ற எல்லையே கிடையாது. கடந்த இரண்டு ஆண்டுகளின் முடிவுகள் எண்ணப்படும். வாரந்தோறும் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். நாள்பட்ட முடிவுக்கு மதிப்புக் குறையும். போட்டியில் கலந்துகொண்டவர்களின் வலிமைக்கு ஏற்பப் புள்ளிகள் மிகும் அல்லது குறையும். எளிய களத்தில் பெற்ற முதலிடத்தைக் காட்டிலும் வலியவர் நடுவில் பெற்ற ஐந்தாம் இடம் உயர்ந்ததாகலாம். வலியசாலை இளைஞருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. போட்டிகளைத் தேர்ந்தெடுத்துச் செல்லலாம். ஓர் இடரும் உண்டு. வலியவர் கூடும் போட்டிகள் பெரும்பாலும் அவர் ஊரிலிருந்து இன்னும் தொலைவிலேயே நடக்கின்றன.

பத்திரிகையில் இத்தகைய வரிசையைக் காணும்போது புள்ளிகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஆடிய போட்டிகளின் எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறதா என்றும் நோக்குதல் நலம். 300 புள்ளிகள் நான்கு போட்டிகளில் வந்தனவா, பத்தில் வந்தனவா என்பது அதிலிருந்தே தெரியும். அடுத்த மாதம் பார்க்கையில் முதலிடத்தில் இருந்தவரின் பெயரே பட்டியலில் காணப்படாமல் இருக்கலாம். அச்சுப் பிழையோ என்று ஐயுற வேண்டியதில்லை. அவர் தொழில்முறை ஆட்டக்காரராக மாறியிருப்பார். அமெச்சூர் வரிசையில் அவருக்கு அப்புறம் இடமில்லை. கீழே இருந்தவர்கள் அனைவரும் ஒவ்வோர் இடம் மேலேறியிருப்பார்கள்.