சுற்றுலாவை ஆராய்வோர் சங்கத்தில் யாருக்கு ஓட்டு?

செப்டம்பர் 27 வந்தால் மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து வரவேற்கிறார்கள். அன்று உலகச் சுற்றுலா தினம். மறுநாள் நாளிதழ்களில் படமும் வரும். அந்தத் தேதி ஒரு பைலாவின் பிறந்தநாள் என்பது பலருக்குத் தெரியாது. 1970ஆம் ஆண்டு அதே நாளில் மெக்ஸிகோ நகரில்தான் உலகச் சுற்றுலா அமைப்பின் விதித்தொகுப்பு நிறைவேறியது. அதை நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்று யோசனை சொன்னவர் நைஜீரியாவைச் சேர்ந்த இக்னேஷியஸ் அட்டிக்பி. 1980 முதல் அந்த நாளை உலகம் கொண்டாடி வருகிறது.

அந்த விதித்தொகுப்பு நாடுகளுக்காக எழுதப்பட்டது. மாட்ரிட்டில் தலைமையகம் வைத்திருக்கும் அந்த அமைப்பின் பேரவையில் ஓட்டு அரசுகளுக்குத்தான். பல்கலைக்கழகங்களும் விமான நிறுவனங்களும் விடுதிக் குழுமங்களும் சார்பு உறுப்பினர்களாகச் சேரலாம், கருத்துச் சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. சுற்றுலாவை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கங்களின் விதிகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கோ வெளிநாட்டில் நாலு பேராசிரியர்கள் கூடிப் பேசும் சங்கத்தின் பைலா நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. அடுத்த ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே வந்துவிட்டது. இந்த மலைகள் எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஓர் ஊரின் ‘தாங்குதிறன்’ என்ற கருத்தைச் சுற்றுலா ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் மாநாடுகளிலும் ஆய்விதழ்களிலும் பேசிப் பேசி வளர்த்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்த கருத்துதான் இன்று கூடலூர்ச் சாலையில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் கேட்கிறது. அந்த மாநாட்டு அரங்கில் யார் உட்காரலாம், யார் பேசலாம், யார் ஓட்டுப் போடலாம் என்பதை ஒரு பைலா முடிவு செய்கிறது என்றால், அந்தப் பைலாவில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

இத்துறையின் பழைய சங்கங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தில் வேர் கொண்ட ஐயெஸ்ட் என்ற பன்னாட்டுச் சுற்றுலா அறிவியல் நிபுணர்கள் சங்கம். அதற்கு வித்திட்டவர்கள் வால்டர் ஹுன்சிக்கர், குர்ட் கிராஃப் என்ற இரண்டு சுவிஸ் அறிஞர்கள். 1941 இல் செயின்ட் காலன், பெர்ன் ஆகிய இரு நகரங்களிலும் சுற்றுலா ஆய்வு நிலையங்கள் தொடங்கின. சுற்றிலும் போர் நடந்துகொண்டிருந்த 1942 இல் இருவரும் சேர்ந்து சுற்றுலாவியலுக்கு அடிப்படை நூல் ஒன்றை வெளியிட்டார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் சங்கம் உருவானது. ஹுன்சிக்கர் பேராசிரியர் மட்டுமில்லை. சுவிஸ் சுற்றுலாத் துறைக் கூட்டமைப்பின் இயக்குநராகவும் இருந்தவர். உழைக்கும் குடும்பங்களும் விடுமுறைக்குப் போய்வர வேண்டும் என்று 1939 இல் தொடங்கிய பயண நிதியமைப்பிலும் அவர் பங்கு பெரியது. இத்துறையில் ஆய்வும் தொழிலும் ஆரம்பம் முதலே ஒரே கூரையின் கீழ் வளர்ந்திருக்கின்றன. அதனால்தான் இங்கே விதிகள் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட வேண்டும் என்கிறேன். விடுதி முதலாளியின் பணத்தில் நடக்கும் ஆய்வை மதிப்பிடுகிறவருக்கு அந்த விடுதியோடு தொடர்பு உண்டா என்று கேட்க ஒரு விதி இருந்தாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் சங்கம் வைப்பது எளிது. 1912 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு சிவில் சட்டத்தில் 60 முதல் 79 வரையிலான பிரிவுகள் சங்கங்களுக்கானவை. நோக்கம் என்ன, பணம் எங்கிருந்து வரும், நிர்வாகம் எப்படி நடக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துவிட்டால் போதும். லாபத்துக்காகத் தொழில் நடத்தாத சாதாரணச் சங்கத்துக்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. பன்னாட்டுச் சங்கங்கள் பல அந்த நாட்டை நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் படிவம் கொடுக்க வேண்டும், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. குடியிருப்போர் நலச் சங்கம் நடத்துகிற யாருக்கும் இந்த அலைச்சல் தெரியும்.

எளிமையாக இருந்தாலும் சுவிஸ் சட்டம் உறுப்பினரை அம்போ என்று விட்டுவிடவில்லை. பொதுக்குழுவே உச்ச அதிகாரம் படைத்தது. நிர்வாகிகள் கூட்டத்தைக் கூட்டாமல் இழுத்தடித்தால், உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே கூட்டியாக வேண்டும். எல்லோருக்கும் சம ஓட்டு. நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைத் திடீரென்று எடுத்துத் தீர்மானம் போட முடியாது; பைலா வெளிப்படையாக அனுமதித்தால்தான் உண்டு. தனக்கும் சங்கத்துக்கும் நடுவே ஒப்பந்தமோ வழக்கோ இருந்தால் அந்த விஷயத்தில் ஓட்டு இல்லை. கணவன், மனைவி, நேர்வழி உறவினர் சம்பந்தப்பட்டாலும் அதே தடைதான். சங்கத்தின் நோக்கத்தையே மாற்ற நினைத்தால், அந்த மாற்றத்தை எந்த உறுப்பினர் மீதும் திணிக்க முடியாது. சட்டத்துக்கோ பைலாவுக்கோ விரோதமான தீர்மானத்தை அதற்குச் சம்மதிக்காத ஒரே ஓர் உறுப்பினர்கூட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்; விஷயம் தெரிந்த ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதே சட்டத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. உறுப்பினரை எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்று பைலா சொல்லலாம். காரணமே சொல்லாமல் நீக்கலாம் என்றும் பைலா எழுதி வைக்கலாம். அப்படி எழுதப்பட்டிருந்தால், நீக்கிய காரணம் சரியில்லை என்று பிறகு வழக்குப் போட முடியாது. ஓர் ஊரின் சுற்றுலாத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதும் ஆய்வாளருக்கு இது சின்ன விஷயமில்லை. சந்தா கட்டும் முன் பைலாவில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான் என்பேன்.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொரு பிரிவு. பைலா வேறு வழி சொல்லாதவரை, கூட்டத்துக்கு வந்தவர்களின் பெரும்பான்மைதான் தீர்மானம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னாட்டு ஆய்வுச் சங்கங்களின் பொதுக்குழு பெரும்பாலும் ஆண்டு மாநாட்டோடு ஒட்டியே நடக்கும். கட்டுரை வாசிப்புகள் முடிந்து, பெட்டி கட்டும் நேரத்தில் தலைவர் அறிக்கை, வரவு செலவு, தேர்தல் என்று வேகமாகப் போகும். அங்கே இருக்கிறவர் கை உயர்த்துகிறார். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கற்பிக்கும் விரிவுரையாளர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமென்றால் விமான டிக்கெட், மாநாட்டுக் கட்டணம், தங்கும் செலவு, எல்லாவற்றுக்கும் முன்னால் விசா. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. நியூயார்க்கிலிருந்தோ சிட்னியிலிருந்தோ அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் அதே மாநாட்டுக்குப் பாஸ்போர்ட்டோடு கிளம்பிவிடலாம். பயணத்தை ஆராயும் சங்கத்தில், பயணம் செய்ய வசதி உள்ளவரின் கைதான் உயருகிறது. சட்டம் தரும் சம ஓட்டு குடிவரவுக் கவுன்ட்டரில் பாதியாகிவிடுகிறது.

யாரைச் சேர்ப்பது என்பதில் சங்கத்துக்குச் சங்கம் வழி வேறு. 1988 இல் ஸ்பெயினின் சாண்டாண்டர் நகரில் சுற்றுலா ஆய்வுக்கான பன்னாட்டு அகாதெமி பிறந்தது. அதன் பின்னிருந்த முதன்மையான ஆள் ஈரானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஜாஃபர் ஜாஃபரி. 1973 இல் ‘அன்னல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்’ இதழைத் தொடங்கியவரும் அவரே. அகாதெமி தன் செயல்படு உறுப்பினர் எண்ணிக்கைக்கு 75 என்று உச்சவரம்பு வைத்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பெயரை முன்மொழிந்து தேர்ந்தெடுத்தால்தான் புதியவர் நுழைய முடியும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, சந்தா கட்டி வந்துவிட முடியாது.

இந்தக் கதவு இவ்வளவு குறுகலாக வைக்கப்பட்டதற்கு அன்றைய காரணம் உண்டு. சுற்றுலாவை ஆராய்கிறேன் என்று சொன்ன மானிடவியலாளரையும் பொருளியலாளரையும் அவர்களுடைய சொந்தத் துறையினரே இளக்காரமாகப் பார்த்த காலம் அது. வேலின் ஸ்மித் தொகுத்த ‘ஹோஸ்ட்ஸ் அண்ட் கெஸ்ட்ஸ்’ 1977 இல் வந்த பிறகும் அந்தப் பார்வை முழுதாக மாறிவிடவில்லை. தேர்ந்தெடுத்த சிலர் கூடும் இடம் ஒன்று இருந்தால் துறைக்கு மரியாதை கிடைக்கும் என்று அகாதெமியைத் தொடங்கியவர்கள் நம்பினார்கள். அந்த மரியாதை கிடைக்கவும் செய்தது. இந்தியாவுக்கும் அதில் இடம் இருந்தது. லக்னோவிலிருந்து 1976 இல் ‘டூரிசம் ரிக்ரியேஷன் ரிசர்ச்’ இதழைத் தொடங்கிய தேஜ் வீர் சிங் அந்த அகாதெமியின் உறுப்பினர். இமயமலைச் சுற்றுலாவைப் பற்றி இங்கிருந்தே எழுதி, உலகத்தைப் படிக்க வைத்தவர்.

ஆனால் உள்ளே இருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஓர் அபாயம் உண்டு. ஒருவர் தனக்குத் தெரிந்தவரைத்தான் முன்மொழிவார். தெரிந்தவர் என்றால் அதே ஆய்விதழில் எழுதுகிறவர், அதே மாநாட்டில் சந்தித்தவர், அதே மொழியில் வாதாடியவர். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் லட்சக்கணக்கான மக்களின் பயணத்தைத் தமிழில் ஆராய்ந்து எழுதியவரின் பெயர் அந்த மேசைக்கு எப்படிப் போய்ச் சேரும்? 1988 இல் துறைக்குக் கவசமாக இருந்த விதி, துறை வளர்ந்து உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பரவிய பிறகும் அதே வடிவில் தேவையா என்று அகாதெமியினர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐயெஸ்ட் போன்ற தனிச் சங்கம், அகாதெமி ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது வழி, பெரிய சங்கம் ஒன்றின் கிளையாக இருப்பது. 1949 இல் யுனெஸ்கோ ஆதரவோடு ஆஸ்லோவில் நிறுவப்பட்ட பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் 50ஆம் ஆய்வுக் குழு சுற்றுலாவுக்கானது. 1994 இல் முழுக் குழு என்ற தகுதி பெற்றது. தாய்ச் சங்கத்துக்கும் மாட்ரிட்தான் அலுவலகம். புதிய பொருளை ஆராய விரும்புகிறவர்கள் முதலில் கருப்பொருள் குழுவாகச் சேர வேண்டும், போதிய உறுப்பினர்களும் செயல்பாடும் இருந்தால் பணிக்குழு, அதற்குப் பிறகு ஆய்வுக் குழு என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி பைலா உண்டு, ஆனால் தாய்ச் சங்கத்தின் விதிக்கு முரணாக அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஒவ்வொரு குழுவின் பிரதிநிதியும் ஆய்வு மன்றத்தில் உட்கார்ந்து தாய்ச் சங்கத்தின் முடிவுகளில் பங்கெடுப்பார்.

இந்த மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான். முக்கியமான காரணம் சந்தா. உலக நாடுகளை அவற்றின் வருமானத்தை வைத்து மூன்று வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு தொகை என்று வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் பேராசிரியர் கட்டும் தொகையை நேபாளத்து ஆய்வு மாணவர் கட்ட வேண்டியதில்லை. ஓட்டு மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றும் சங்கத்தின் மொழிகள். தமிழோ இந்தியோ அரபியோ அதில் இல்லை. அந்தக் குறை பெரியது. ஆனாலும் வாசல் அகலமானது என்பதற்குச் சான்று உண்டு. 1986 இல் அதன் உலக மாநாடு டெல்லியில் நடந்தது. கேரளத்தில் பிறந்த சமூகவியலாளர் டி.கே. உம்மன் 1990 முதல் 1994 வரை அதன் தலைவராக இருந்தார். சுற்றுலாக் குழுவுக்கு முழுத் தகுதி வந்த ஆண்டில்தான் அவருடைய தலைமை நிறைவடைந்தது.

மாநாட்டுக்கு வராதவருக்கும் ஓட்டு உண்டு என்று ஒரு சங்கம் நினைத்தால் அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. சுவிஸ் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள், பைலா மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்பத்தான் வருகின்றன. அஞ்சலிலோ இணையத்திலோ வாக்களிக்கலாம் என்று பைலாவில் எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. தேர்தலை மட்டுமாவது மாநாட்டிலிருந்து பிரித்து, இரண்டு வாரம் திறந்திருக்கும் இணைய வாக்கெடுப்பாக மாற்றினாலே நிலைமை பெரிதும் மாறும். சிக்கல், அந்தத் திருத்தத்தை யார் நிறைவேற்றுவது என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப்படி பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்போடு கூடிய கூட்டத்தில் ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். சுவிஸ் சங்கத்திலும் திருத்தம் பொதுக்குழு வழியாகத்தான் வர வேண்டும். வராதவருக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்பதை வந்தவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

ஐந்தில் ஒரு பங்கு என்ற பிரிவு பயன்படுவது இங்கேதான். கூட்டம் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னையிலும் கொழும்பிலும் கம்பாலாவிலும் லிமாவிலும் இருக்கும் உறுப்பினர்கள் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, நிகழ்ச்சி நிரலில் இந்தத் திருத்தம் இடம்பெற வேண்டும் என்று எழுதி அனுப்பினால், கூட்டத்தைக் கூட்ட நிர்வாகிகள் கடமைப்பட்டவர்கள்.