வீட்டிலேயே வடிதயிர்: தொட்டுக்கொள்ள நான்கு வகைகள்

ஒரே ஒரு பசு வைத்திருக்கும் வீட்டிலும் மாதத்தில் சில நாட்கள் பால் மிஞ்சுவது உண்டு. சங்கத்திற்கு ஊற்றியது போக, காப்பிக்கும் குழந்தைகளுக்கும் எடுத்தது போக, ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ நின்றுவிடும். அதை உறை ஊற்றுகிறோம். தயிரும் செலவாகாவிட்டால் மறுநாள் புளித்து, மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாமல் போகிறது. அப்படிப் போவதற்கு முன்பே தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்துவிட்டால், நகரத்துக் கடைகளில் 'கிரேக்கத் தயிர்' என்று சிறு டப்பாக்களில் கூடுதல் விலைக்கு விற்கும் பொருள் நம் வீட்டிலேயே கிடைத்துவிடும். இதற்கு இயந்திரமோ, மருந்தோ, தனிப் பயிற்சியோ தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணியும் ஓர் இரவும் போதும்.

கிரேக்கத் தயிர் என்பது என்ன?

பெயர்தான் புதிது, பொருள் மிகப் பழையது. கிரீஸ் நாட்டில் இதற்கு 'ஸ்ட்ராகிஸ்டோ' என்று பெயர். வடித்தது என்பதே அதன் பொருள். துருக்கியில் 'சூஸ்மே' என்பார்கள். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளில் இன்னும் கெட்டியாக வடித்து 'லப்னே' என்கிறார்கள். நம் நாட்டில் மராட்டியரும் குஜராத்தியரும் ஸ்ரீகண்ட் செய்வதற்குத் தயிரை வடித்து எடுக்கும் 'சக்கா'வும் இதே இனந்தான்.

இதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது கிரேக்கர்கள். இங்கிலாந்தில் 'கிரேக்கத் தயிர்' என்ற பெயருக்காக வழக்கே நடந்தது. கிரீஸில் செய்த தயிருக்கு மட்டுமே அந்தப் பெயரை அங்கே இடலாம் என்று 2013-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பல நிறுவனங்கள் 'கிரேக்க வகைத் தயிர்' என்று எழுதி விற்கின்றன. அவற்றில் சில வடிக்கப்படாதவை. பால் பவுடரோ, மாவுச்சத்தோ சேர்த்துக் கெட்டியாக்கியவை. டப்பாவின் பின்புறத்தைப் படித்தால் தெரிந்துவிடும். பாலும் உறையும் மட்டும் இருந்தால் அது அசல்.

நீர் எப்படிப் பிரிகிறது?

பசும்பால் 100 பங்கில் ஏறக்குறைய 87 பங்கு நீர்தான். உறையில் உள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. புளிப்பு ஓர் அளவை எட்டியதும் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்து வலை போல் ஆகிவிடுகிறது. கொழுப்பும் நீரும் அந்த வலைக்குள் அடைபட்டு நிற்பதே தயிர். வலையைக் கலைக்காமல் துணியில் கட்டினால் நீர் மட்டும் மெல்ல இறங்கும். புரதத்தில் பெரும்பகுதியும் கொழுப்பும் தங்கிவிடும். ஆகவே ஒரு கரண்டி வடிதயிரில் சாதாரணத் தயிரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு புரதம் இருக்கும். பால் சர்க்கரையில் ஒரு பகுதியும், சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியும் நீரோடு போய்விடும். அந்த நீரையும் வீணாக்காமல் பயன்படுத்தும் வழிகளைக் கடைசியில் கூறியுள்ளோம்.

எந்தப் பால் நல்லது?

எருமைப்பாலில் கொழுப்பும் இதர சத்துக்களும் கூடுதல். எனவே தயிர் கெட்டியாகவும் அளவில் அதிகமாகவும் கிடைக்கும். பசும்பாலில் செய்தது சற்று இளகலாக, மென்மையாக இருக்கும். இரண்டையும் கலந்தும் செய்யலாம். ஆடையெடுத்த பாலிலும் வடிதயிர் வரும். ஆனால் புளிப்பு தூக்கலாகத் தெரியும்.

மாடு வளர்ப்போர் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மடிநோய்க்கோ வேறு நோய்க்கோ ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் கழியும் வரை பயன்படுத்தக் கூடாது. அந்த மருந்து பாலில் இறங்கும். அது உறையிலுள்ள நுண்ணுயிர்களையும் அடக்கிவிடுவதால் பால் சரியாக உறையாது. 'உறை கெட்டுவிட்டது' என்று நாம் நினைப்பது சில வேளைகளில் இதனால்தான். உறையாத பால் வீணாயிற்றே என்பதைவிட, அந்த மருந்து வீட்டார் வயிற்றுக்குள் போகிறதே என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

செய்முறை

1. ஒரு லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சவும். பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறு தீயில் 10 நிமிடம் வைத்துக் கிளறவும். இந்தச் சூட்டில் பாலிலுள்ள மற்றப் புரதங்களும் கேசினோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் இறுகி அமையும். காய்ச்சாத பாலில் உறை ஊற்றவே கூடாது. மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பச்சைப்பால் வழியாக வரக்கூடும்.

2. சுண்டுவிரலை விட்டால் பத்து எண்ணும் வரை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடவும். அளந்து பார்ப்பவர்களுக்கு இது 42 டிகிரி சென்டிகிரேடு.

3. முதல் நாள் உறைந்த புதுத் தயிர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி, ஆடாமல் அசையாமல் மூடி வைக்கவும். கோடையில் 5 அல்லது 6 மணி நேரத்தில் உறையும். மார்கழி, தை மாதங்களில் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி வைத்தால் நல்லது.

4. உறைந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்தால் தயிர் இறுகும். வடியும்போது துணி வழியே தயிர் கசியாது.

5. மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் கொதிக்கவிட்டுப் பிழிந்து, இரண்டாக மடித்து வடிகட்டியின் மேல் விரிக்கவும். தயிரைக் கலக்காமல் கரண்டியால் வெட்டி வெட்டி எடுத்து வைக்கவும். அடியில் பாத்திரம் வைத்து, துணியின் ஓரங்களை மேலே மூடிவிடவும். அவசரப்பட்டுப் பிழியக் கூடாது. பிழிந்தால் தயிரும் சேர்ந்து வந்துவிடும்.

வடிவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெயில் காலத்தில் வெளியே தொங்கவிட்டால், நீர் இறங்குவதற்குள் புளிப்பு ஏறிவிடும். பெட்டி இல்லாதவர்கள் இரவு நேரத்தில், ஈ அணுகாத இடத்தில் மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் வடித்து அன்றே செலவழித்துவிட வேண்டும்.

2 மணி நேரத்தில் தயிர் பச்சடிக்கு ஏற்ற பதம் வரும். 6 முதல் 8 மணி நேரத்தில் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும். இதுவே கிரேக்கத் தயிர். 24 மணி நேரம் வடித்தால் லப்னே பதம். ஒரு லிட்டர் பசும்பாலில் கிரேக்கத் தயிர்ப் பதத்தில் சுமார் 350 முதல் 400 கிராம் வரை எதிர்பார்க்கலாம்.

தொட்டுக்கொள்ள நான்கு வகைகள்

மேல்நாட்டார் 'டிப்' என்று சொல்வது நமக்கும் புதிதல்ல. துவையலுக்கும் பச்சடிக்கும் இடைப்பட்ட பதத்தில், ரொட்டியையோ காயையோ தோய்த்துச் சாப்பிடும் பண்டம் அது. வடிதயிர் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் 250 கிராம் வடிதயிர் கணக்கு.

சட்ஸீகி (கிரீஸ்): நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்றை விதை நீக்கித் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் வைக்கவும். பிறகு துணியில் இறுக்கிப் பிழியவும். வடிதயிரில் இந்தத் துருவல், உப்புச் சேர்த்து நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, நறுக்கிய சதகுப்பைக் கீரை அல்லது புதினா சேர்த்துக் கலக்கவும். ஒரு மணி நேரம் குளிர வைத்தால் பூண்டின் காரம் தயிரில் இறங்கிச் சுவை கூடும். ஆலிவ் எண்ணெய் இல்லாதவர்கள் கடலை எண்ணெய் சிறிதளவு விடலாம். நல்லெண்ணெய் விட்டால் அதன் வாசமே மேலோங்கிவிடும்.

ஹைதாரி (துருக்கி): இதில் காய் கிடையாது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயை இளஞ்சூட்டில் உருக்கி, நிழலில் உலர்த்திய புதினா ஒரு தேக்கரண்டி போட்டு, வாசம் வந்ததும் இறக்கி ஆறவிடவும். நசுக்கிய பூண்டு ஒரு பல், உப்பு ஆகியவற்றோடு வடிதயிரில் கலக்கவும். கொல்லையில் புதினா மிகுந்திருக்கும் காலத்தில் உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் உதவும்.

போரானி (ஈரான்): பாலக்கீரை ஒரு கட்டைத் தண்ணீர் விடாமல் வதக்கி, ஆறியதும் நன்றாகப் பிழிந்து பொடியாக நறுக்கவும். வெங்காயம் ஒன்றையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்கிச் சேர்க்கவும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே தயிரில் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் தயிர் திரிந்து நீர் விடும். கீரை என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இதைத் தொட்டுக்கொண்டு சப்பாத்தி சாப்பிடுவார்கள்.

லப்னே (லெபனான்): தயிரில் உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து 24 மணி நேரம் வடிக்கவும். தட்டில் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் நடுவில் குழி செய்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே வறுத்த எள் தூவவும். அந்நாட்டில் எள்ளோடு மணமுள்ள ஓர் இலையையும், சுமாக் என்ற புளிப்புக் காயின் பொடியையும் சேர்த்த 'ஸாத்தர்' தூவுவார்கள்.

வெள்ளரி, காரட், முள்ளங்கி ஆகியவற்றை விரல் நீளத்திற்கு நறுக்கியும், சுட்ட அல்லது வறுத்த கிழங்கோடும், சப்பாத்தி, ரொட்டியோடும் பரிமாறலாம். சிறு குழந்தைகளுக்குப் பச்சைப் பூண்டும் உப்பும் சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கவும்.

நீர்த்துப் போவது ஏன்?

முதல் தடவை செய்கிறவர்களின் பொதுவான குறை, கலந்து வைத்த அரை மணியில் நீர் விட்டுவிடுகிறது என்பதே. காரணம் பெரும்பாலும் தயிரில் இல்லை, காயில் இருக்கிறது. உப்புப் பட்ட காய் நீர் விடும். அந்த நீரைத் தயிரில் சேர்ப்பதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். தயிரில் நீரை வடித்துவிட்டு, காய் வழியாக அதே நீரைத் திரும்பச் சேர்த்தால் செய்த வேலை வீண்.

இன்னொரு காரணம் மிக்ஸி. வடிதயிரை மிக்ஸியில் அடித்தால் புரத வலை அறுந்து இளகிவிடும். கரண்டியால் மடித்துக் கலப்பதே முறை. தயிர் நூல் போல் இழுத்தால் உறையை மாற்றவும். அளவுக்கு மீறிப் புளித்தால் உறையின் அளவையும், உறைய விடும் நேரத்தையும் குறைக்கவும்.

வெறும் வடிதயிரைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்திருக்கலாம். காய், கீரை கலந்ததை இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வடித்த துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு வெந்நீரில் கொதிக்கவிட்டு வெயிலில் காயவைக்கவும். முதலிலேயே வெந்நீரில் போட்டால் பால் கறை இறுகிவிடும்.

தெளிநீரை என்ன செய்வது?

ஒரு லிட்டர் பாலுக்கு அரை லிட்டருக்கு மேல் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிநீர் வடியும். அந்த நிறம் ரிபோபிளேவின் என்ற வைட்டமினால் வருவது. சப்பாத்தி மாவு பிசைய, ரசத்திற்குப் புளியைக் குறைத்துச் சேர்க்க, உப்பும் பெருங்காயமும் போட்டு நீர்மோராகக் குடிக்க இது ஏற்றது. மாட்டிற்கும் புண்ணாக்குத் தண்ணீரில் சிறிதளவு கலந்து பழக்கலாம். ஒரேயடியாக நிறைய வைத்தால் வயிறு கெடும்.

குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் கொட்டக் கூடாது. இது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சச் செய்து மீன்களைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் துருக்கியில் பிறந்த ஹம்தி உலுகாயா என்பவர் 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு பால் ஆலையை வாங்கி, 2007 முதல் சோபானி என்ற பெயரில் வடிதயிர் விற்கத் தொடங்கினார். தொழில் வேகமாக வளர்ந்தபோது அம்மாநிலத்து ஆலைகளுக்குப் பெரிய தலைவலியானது இந்தத் தெளிநீரே. பண்ணைகளுக்குத் திருப்பி அனுப்பித் தீவனத்திலும் நிலத்திலும் சாண எரிவாயுக் கலன்களிலும் அதைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. நம் வீட்டு அளவிலும் மிஞ்சியது எருக்குழிக்குப் போவதே சரி.

விற்க நினைப்பவர்களுக்கு

பக்கத்து நகரத்தில் உணவகமோ, விருந்து சமைப்பவர்களோ இருந்தால் வடிதயிருக்குக் கிராக்கி இருக்கும். ஆனால் விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விலை வைக்கும்போது, இரண்டரை லிட்டர் முதல் மூன்று லிட்டர் வரை பால் சேர்ந்தே ஒரு கிலோ வடிதயிர் ஆகிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றியிருந்தால் வந்திருக்கும் தொகை, எரிபொருள், குளிரூட்டும் செலவு, கைவேலை எல்லாம் கூட்டிய பிறகும் மீதி நின்றால்தான் அது லாபம். வாங்குவோர் உறுதியாகாத வரை சங்கத்திற்கு ஊற்றும் பாலில் கை வைக்க வேண்டாம். மிஞ்சும் பாலில் மட்டும் செய்யலாம்.

முதலில் அரை லிட்டரில் தொடங்குங்கள். இரவு வடியவிட்டுக் காலையில் துணியைப் பிரித்துப் பாருங்கள். பதம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், பால் மிஞ்சும் நாளில் இனி கவலையில்லை.